தேர் மாத்திரை

எனக்கு வந்த நோயின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் இன்றுவரை ஒழுங்காகச் சொன்னதில்லை. "நெஞ்சுவலி வந்துச்சே, அப்போ" என்பார் என் கணவர். "காலு வீங்குச்சே, அந்த வருஷம்" என்பார் மாமியார். அக்கம்பக்கத்தாருக்கு அது ஹார்ட் அட்டாக். மூன்றும் தப்பு. என் இடது காலின் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியானது. அதில் ஒரு துண்டு பிய்ந்து, மேலே ஏறி, இதயம் வழியாக நுரையீரலுக்குப் போய் அங்கே அடைத்துக்கொண்டது. நான் செத்திருக்க வேண்டியவள். செத்திருந்தால், படுக்கையில் கிடக்காமல் போய்ச் சேர்ந்தாள், புண்ணியவதி என்று சொல்லிக் கதையை முடித்திருப்பார்கள். சாகாததால் எழுதுகிறேன்.

நான் ரெட்டியார்பாளையத்தில் ஒரு தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சர். இதயத்தின் நான்கு அறைகளைப் பலகையில் வரைந்து, கெட்ட ரத்தம் எந்த வழியாக வருகிறது, நல்ல ரத்தம் எந்த வழியாகப் போகிறது என்று வருஷா வருஷம் எட்டாம் வகுப்புக்குப் பாடம் எடுப்பவள். அதெல்லாம் பலகையோடு சரி. சொந்தக் காலுக்குள் நடந்தது எனக்குத் தெரியவில்லை.

என் கணவர் வீராம்பட்டினத்துக்காரர், மின்துறையில் வேலை. ரெட்டியார்பாளையத்தில் எங்களோடு இருக்கும் மாமியார் வெகுகாலம் பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றவர். குரலும் கையும் கணக்கும் இன்னும் அப்படியே இருக்கின்றன. நான் வில்லியனூர்ப் பக்கம் நெல்லும் கரும்பும் பயிர் செய்யும் வீட்டிலிருந்து, விரும்பிக் கல்யாணம் செய்துகொண்டு வந்தவள். வேறு இடத்துப் பெண் என்பதால் என் கூழ் கட்டிபட்டால்கூட அதற்கு ஒரு காரணம் சொல்ல ஆள் இருந்தது. ஆகவே ஆடி மாதம் வந்துவிட்டால் நான் பரீட்சை எழுதும் பிள்ளையாகிவிடுவேன். வீராம்பட்டினத்து அம்மனுக்குக் காப்புக் கட்டியதிலிருந்து தேர் முடிந்து மஞ்சள் நீராட்டுவரை, மூத்த மருமகள் வீட்டுக்குத் தூரமாக இருக்கக்கூடாது. தூரம் என்றால் மாதவிலக்கு. அந்த வார்த்தையைக்கூட எங்கள் வீட்டில் ஆண்கள் இருக்கும்போது சொல்லமாட்டார்கள்.

அதற்குத்தான் மாத்திரை. எங்கள் தெருமுனை மெடிக்கலில் ஆடி மாதம் போய் "தேர் மாத்திரை" என்றால் போதும். சீட்டு கிடையாது, கேள்வி கிடையாது. அட்டையைக் காகிதத்தில் சுற்றி, உள்ளே இருப்பது தெரியாதபடி கொடுத்துவிடுவார்கள். மாதவிலக்கைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரை அது. மாமியார்தான் வாங்கி வருவார். ஒரு டம்ளர் தண்ணீரோடு அவரே கொண்டுவந்து நிற்பார். அவ்வளவு அன்பாக அவர் எனக்கு வேறு எதையும் கொடுத்ததில்லை.

மற்ற வருஷங்களில் சில நாட்களோடு போய்விடும். அந்த வருஷம் சமயபுரத்துக்கு ஒரு வேண்டுதல் சேர்ந்துகொண்டது. குடும்பமாக வேன் வைத்துப் போவது, வந்து கூழ் வார்ப்பது, பிறகு தேர். என் தேதி சமயபுரப் பயணத்துக்கு ஓரிரு நாள் முந்தி வரவேண்டியது. சமயபுரத்துக்காக ஆரம்பித்த மாத்திரையைத் தேர் தாண்டி மஞ்சள் நீராட்டுவரை விடாமல் போடுவதாக ஏற்பாடு. வேனில் எனக்குக் கடைசி சீட்டு. காலடியில் பாத்திர மூட்டை, மடியில் யாருடைய பிள்ளையோ. போகும்போதும் வரும்போதும் கால் நீட்ட இடமில்லை. பெண்கள் யாரும் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. ஆண்கள் நினைத்த இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கிக்கொள்வார்கள். தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெண்களுக்கான ஏற்பாடு.

வந்த மறுநாள் இடது கெண்டைக்காலில் வலி. வலது காலில் ஒன்றும் இல்லை, இடதில் மட்டும். தொட்டால் சூடாக, கெட்டியாக இருந்தது. செருப்பு வார் அழுந்தியது. இதைப் படிக்கிறவர்கள் வேறு எதை மறந்தாலும் இதை மறக்கவேண்டாம். அடிபடாமல், காரணம் தெரியாமல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தேய்க்காதீர்கள். மருத்துவமனைக்குப் போங்கள்.

எங்கள் வீட்டில் தேய்த்தார்கள். சுளுக்கு வழிக்கிற அம்மா ஒருவரை மாமியார் கூட்டிவந்தார். நல்லெண்ணெயைக் காய்ச்சி, முழங்கால்வரை அழுத்தி அழுத்தி வழித்தார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டேன்.

"ரத்தம் கட்டிக்கினு இருக்குதும்மா. நல்லா வழிச்சிவுட்டா கலைஞ்சிடும்" என்றார் அந்த அம்மா.

பாதி சரியாகச் சொன்னார். கலைந்தது.

தேரன்று வீராம்பட்டினத்தில் மாமியாரின் பழைய வீட்டு வாசலில் பந்தல் போட்டு உறவுக்கெல்லாம் சாப்பாடு. நான் அந்தக் காலோடு பந்தி பரிமாறினேன். அடுத்த வாரம், மஞ்சள் நீராட்டுக்கு முன்னால், பள்ளியில் மாடிப்படி ஏறும்போது பாதியில் மூச்சு நின்றது. விலா எலும்புக்குக் கீழே, மூச்சை இழுக்கும்போதெல்லாம் குத்தியது. ஓமத் தண்ணீர் கொடுத்தார்கள், சோடா கொடுத்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு இ.சி.ஜி. எடுத்துப் பார்த்து "கேஸ்தான், நேரத்துக்குச் சாப்பிடுங்க" என்று அனுப்பினார்கள். என் காலை யாரும் பார்க்கவில்லை. நெஞ்சுவலிக்குக் காலைப் பார்க்கவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. அன்று சாயந்தரம் குளியலறையிலிருந்து வெளியே வந்தவள் வாசற்படியிலேயே விழுந்தேன். விழும்போது என் மகள் நித்யா பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அவள் இரண்டாம் வகுப்பு.

மருத்துவமனையின் அவசரப் பிரிவில் என் முகத்தில் ஆக்ஸிஜனை வைத்துவிட்டு டாக்டர் கேள்வி கேட்டார். சின்ன வயசு டாக்டர், பொறுமையானவர். கேள்விகள் எனக்குத்தான். பதில் எல்லாம் மற்றவர்கள் சொன்னார்கள்.

"சுகர், பிரஷர் இருக்கா?"

"கெடையாது சார்" என்றார் என் கணவர்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறாங்களா?"

"ஐயோ, தலவலிக்குக்கூட மாத்திர போடமாட்டா எம் மருமவ" என்றார் மாமியார். பெருமையாகத்தான் சொன்னார். பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. நோய்க்குப் போடுவதுதான் மாத்திரை. சாமிக்குப் போடுவது அந்தக் கணக்கில் வராது. நான் முகமூடிக்குள் மூச்சுக்கு அலைந்துகொண்டிருந்தேன். என்னால் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசமுடியவில்லை.

காலில் பசையைத் தடவி ஒரு கருவியை உருட்டிப் பார்த்தார்கள். கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் எடுப்பார்களே, அதே மாதிரி ஸ்கேன், இது ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது. டாப்ளர் என்று பெயர். பிறகு கையில் மருந்தை ஏற்றி, குகை போன்ற ஒரு மெஷினுக்குள் தள்ளி நெஞ்சைப் படமெடுத்தார்கள். மருந்து உள்ளே போகும்போது உடம்பெல்லாம் கொதித்தது. இதற்கிடையே வெளியே வராந்தாவில் என் கணவர் தன் மோதிரத்தையும் என் சங்கிலியையும் தம்பியிடம் கழற்றிக் கொடுத்து அடகுக்கு அனுப்பியிருந்தார். அதை எனக்கு அவர் சொல்லவில்லை. கழுத்தைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் தினமும் வயிற்றுத் தோலில் ஊசி. ரத்தம் மேலும் உறையாமல் பார்த்துக்கொள்ளும் ஊசி அது. இருக்கிற கட்டியை உடம்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கவேண்டும் என்றார் டாக்டர். அதுவரை இன்னொரு துண்டு பிய்ந்து போகாமல் இருக்கவேண்டும். போனால் என்ன ஆகும் என்று நான் கேட்டேன். அவர் ஊசி போட்ட இடத்தைப் பார்த்தார். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அதற்கப்புறம் இருமல் வந்தால்கூட அடக்கினேன். தூங்கினால் கால் அசைந்துவிடும் என்று தூங்காமல் கிடந்தேன். நித்யாவுக்கு யார் தலை பின்னுவார்கள் என்று நினைத்து அழுதேன். அழுதால் மூச்சு முட்டும் என்று அதையும் நிறுத்தினேன்.

டாக்டருக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த வயதில், ஆபரேஷன் எதுவும் ஆகாமல், மாதக்கணக்கில் படுத்துக் கிடக்காமல், இப்படி ஏன் வரவேண்டும்? வருகிறபோதெல்லாம் கேட்டார். வந்த நாளிலிருந்து மாத்திரையை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. அதை நிறுத்தினால் நின்றிருந்தது வந்துதானே ஆகவேண்டும். ரத்தம் உறையாமல் செய்யும் ஊசியும் சேர்ந்துகொள்ள, ஒருநாள் காலையில் போர்வை, விரிப்பு, மெத்தை எல்லாம் நனைந்துவிட்டன. நர்ஸ் ஓடிவந்து மாற்றினார். மாற்றிக்கொண்டே கேட்டார்.

"போன மாசம் எப்போம்மா ஆச்சு?"

"போன மாசம் ஆகல சிஸ்டர். மாத்திரை போட்டிருந்தேன். தேருக்காக."

நர்சின் கை அப்படியே நின்றது. "இத ஏம்மா இத்தன நாளா சொல்லல?" என்றார்.

யாரும் என்னைக் கேட்கவில்லை என்றேன்.

டாக்டருக்குக் கோபம் வந்தது. என்மேல் காட்டவில்லை, வெளியே போய் என் கணவரிடம் காட்டினார். கதவு சாத்தவில்லை, எனக்குக் கேட்டது. "இதெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம் சார், எங்கிட்ட சொல்லமாட்டாங்க" என்றார் என் கணவர். கல்யாணமாகிப் பத்து வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவர். கம்பத்தில் ஏறி ஊருக்கெல்லாம் கரண்டு கொடுப்பவர். வருஷா வருஷம் ஆடி மாதத்தில் மட்டும் பெண்டாட்டிக்கு ஏன் எதுவும் வருவதில்லை என்று அவருக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. அன்றைக்கு அவர்மேல் வந்த கசப்பு இன்னும் முழுசாகப் போகவில்லை.

டாக்டர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். அந்த மாத்திரை போடுகிற எல்லோருக்கும் இப்படி ஆகாது, பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் ஹார்மோன் ரத்தத்தை உறையவைக்கப் பார்க்கும். அசையாமல் நெடுநேரம் உட்கார்ந்தால் கால் ரத்தம் தேங்கும். தண்ணீர் குடிக்காவிட்டால் உடம்பு வறளும். ஒவ்வொன்றாக வந்தால் உடம்பு சமாளிக்கும், எனக்கு எல்லாம் சேர்ந்து வந்தது. உங்கள் குடும்பத்தில் யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா என்றும் கேட்டார். அப்போதுதான் என் அப்பாவின் தங்கை ஞாபகத்துக்கு வந்தார். பிள்ளை பெற்றவள் கட்டிலை விட்டு இறங்கக்கூடாது என்று படுக்கவைத்திருந்தார்கள். கால் வீங்கியது, பிள்ளைப்பேற்று நீர் என்றார்கள். ஒருநாள் எழுந்து நின்றவர் மூச்சுத் திணறி அப்படியே விழுந்து போய்விட்டார். காற்று கருப்பு அடித்துவிட்டது என்று வீட்டுப் பின்னால் நின்ற புளியமரத்தை வெட்டினார்கள். டாக்டர் கேட்டுவிட்டு, "இருக்கலாம்" என்றார். அவருக்கு அந்த மரத்தைப் பற்றி நான் சொல்லவில்லை.

மாமியாரைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் நியாயமில்லை. வார்டுக்கு மாற்றியபின் என்னைக் கழுவிவிட்டதும், ரத்தம் பட்ட துணியை அலசியதும், கஞ்சி ஊட்டியதும் அவர்தான். முகம் சுளிக்கவில்லை. வீட்டில் அந்த நாட்களில் என் தட்டைத் தனியாக வைப்பவர், ஆடியில் என் நிழல்கூடச் சாமி அறைப் பக்கம் விழக்கூடாது என்பவர்.

"உங்களுக்குத் தீட்டு இல்லியா அத்த?" என்று கேட்டுவிட்டேன்.

"ஆஸ்பத்திரில ஏதுடி தீட்டு? வாயத் தொற" என்றார்.

அந்த வாயால்தான் அதே நாள் வந்தவர்களிடம், "மாத்திரையாவது ஒண்ணாவது. கூழ் வாக்கறப்போ என்னமோ கொற வெச்சிட்டா, அம்மா கோச்சிக்கினா" என்றும் சொன்னார். நான் கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரி கிடந்தேன்.

பக்கத்துப் படுக்கையில் ஒரு வயதான அம்மா, கணவர் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர், எல்லோரும் மதாம் என்று கூப்பிட்டார்கள். அவருடைய மகள் பாரீஸிலிருந்து வந்திருந்தாள். என் காலுக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த இறுக்கமான காலுறையைப் பார்த்து மதாம் சிரித்தார். "எம் பொண்ணும் இதப் போட்டுக்கிட்டுத்தான் ப்ளேன் ஏறுவா. அடிக்கடி எழுந்து நட, தண்ணி குடின்னு அங்க டாக்டரே சொல்லி அனுப்புவாங்களாம்" என்றார். ப்ளேனில் போகிறவர்களுக்குச் சொல்ல ஆள் இருக்கிறது. வேனில் கடைசி சீட்டில் போகிறவர்களுக்கு யார் சொல்வார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு வந்தபின் மாதக்கணக்கில் ரத்தத்தை இளக்கும் மாத்திரை. ரத்தம் எவ்வளவு நேரத்தில் உறைகிறது என்று பார்க்க அடிக்கடி சோதனை. ஒருநாள் நிறையக் கீரை தின்று மறுநாள் நிறுத்தினால் கணக்குத் தப்பிவிடும், தினமும் ஒரே அளவாகச் சாப்பிடவேண்டும். பல் தேய்த்தால் ரத்தம், இடித்துக்கொண்டால் நீலம். அந்த மாத்திரை போடும்வரை கர்ப்பம் கூடாது. இன்னொரு பிள்ளை பற்றி வீட்டில் பேச்சே இல்லாமல் போனது. என் கணவர் தினமும் குனிந்து அந்தக் காலுறையை எனக்கு மாட்டிவிட்டார். 

தெருமுனை மெடிக்கலுக்குப் போய்க் கேட்டேன். "நான் குடுக்கலன்னா எதிர்க் கடையில வாங்கப் போறாங்க டீச்சர்" என்றார் கடைக்காரர். பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு இதைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். "கால் வீக்கம்வரைக்கும் பேசுங்க. மத்தது வேணாம், பேரண்ட்ஸ் சண்டைக்கு வருவாங்க" என்றார் தலைமை ஆசிரியை. பேரண்ட்ஸ் சாவுக்கு மட்டும் வரலாம் போல. கால் வீக்கம்வரைக்கும் பேசிவிட்டு உட்கார்ந்தேன்.

மருந்தெல்லாம் நிறுத்தியபின், சென்னைக்கு ரத்தம் அனுப்பிப் பார்த்ததில், ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு புரதம் எனக்குப் பிறவியிலேயே குறைவு என்று வந்தது. பரம்பரையாக வருவது. மகளுக்கும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், பாதிக்குப் பாதி என்றார் டாக்டர். கல்யாண வயசு வந்ததும் சோதிக்கலாம், அதுவரைக்கும் ஹார்மோன் மாத்திரை எதையும் அவள் பக்கத்தில் விடாதீர்கள் என்றார். என் கால் இன்றும் சாயந்தரமானால் கனக்கிறது. அதை நான் பொருட்படுத்துவதில்லை. அந்தப் பாதிக்குப் பாதிதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

நித்யா ஏழாம் வகுப்பில் பெரியவளானாள். அடுத்த ஆடியில் அவள் தேதி தேரன்று விழுகிற மாதிரி இருந்தது. காகிதத்தில் சுற்றிய அட்டை மறுபடி வீட்டுக்குள் வந்தது.

"உனுக்கு ஒத்துக்கல, சரி. நீ போடாத" என்றார் மாமியார். "அவளுக்கு என்னா? அவ எங்க வூட்டு ரத்தம்."

"பாதிதான் அத்த உங்க ரத்தம்" என்றேன். அட்டையை வாங்கி ஒவ்வொரு மாத்திரையாகப் பிதுக்கிச் சாக்கடையில் போட்டேன். மாமியார் என்னோடு பேச்சை நிறுத்தினார். தேரன்று நித்யா என் அம்மாவோடு ரெட்டியார்பாளையத்திலேயே இருந்தாள்.

வீராம்பட்டினத்தில் பந்தி நடந்துகொண்டிருந்தது. நான் பாயசம் ஊற்றிக்கொண்டு வந்தேன். கணவரின் பெரியப்பா இலையிலிருந்து நிமிர்ந்து, "நித்யா எங்க? காணமே" என்று கேட்டார்.

"அவளுக்கு ஜொரம்" என்றார் மாமியார்.

"ஜொரம் இல்ல பெரியப்பா" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற என் குரல் அது. "தூரமா இருக்கா. தள்ளிப்போடற மாத்திர வேணாம்னு நாந்தான் சொன்னேன். அந்த மாத்திர போட்டுத்தான் என் கால்ல ரத்தம் ஒறைஞ்சு நெஞ்சுல போய் அடைச்சுது. மொதல்ல ஒரு காலுதான் வலிச்சுது. சுளுக்குன்னு வழிச்சிவுட்டாங்க."

 ஆண்கள் எல்லோரும் இலையைப் பார்த்தார்கள். பெரியப்பா வாயில் இருந்ததை விழுங்க மறந்து உட்கார்ந்திருந்தார். மாமியார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். நான் அடுத்த இலைக்குப் பாயசம் ஊற்றினேன்.

எனக்குப் பின்னால் அப்பளம் வைத்துக்கொண்டு வந்தவள் சுதா, கணவரின் சித்தப்பா மகனைக் கட்டிக்கொண்டு அந்த வருஷம்தான் அந்த வீட்டுக்கு வந்த பெண். அவள் என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா" என்றாள். குரல் எனக்கு மட்டும்தான் கேட்டது. "எனக்கு ரெண்டு நாளா கால் வலிக்குதுக்கா. இந்தக் காலு மட்டும்."

பாயசத் தூக்கைக் கீழே வைத்தேன். அத்தனை பேரும் பார்க்க, குனிந்து அவள் புடவையை முழங்கால்வரை தூக்கினேன். வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கெண்டைக்கால் எண்ணெய்ப் பிசுக்கோடு பளபளவென்று வீங்கியிருந்தது. தொட்டேன், சுட்டது.

"ஆட்டோ கூப்புடுங்க" என்றேன் என் கணவரைப் பார்த்து.

"தேர் கெளம்புற நேரம்டி" என்றார் மாமியார். அந்த வாரம் முழுக்க என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது.

என் கணவர் சுதாவின் காலைப் பார்த்தார். பிறகு பாதிச் சாப்பாட்டிலிருந்து எழுந்து, கையைக்கூடக் கழுவாமல், கூட்டத்தை இடித்துக்கொண்டு மெயின் ரோட்டைப் பார்த்து ஓடினார்.